இருமல்காரியின் எடை

ஜனவரி 6

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நலம். நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் என் காது ஒத்துழைப்பதில்லை. மகள் வாங்கிக் கொடுத்த காதுக் கருவி மேஜை டிராயரில் தூங்குகிறது. அதைப் போட்டால் தெருவில் இருக்கிற சில்லறைச் சத்தமெல்லாம் உள்ளே வருகிறது, எதிரே இருப்பவர் பேசுவது மட்டும் வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சிமென்ட் ஆலையில் கடைசியாக மிஞ்சியிருப்பது மூன்று டீசல் எஞ்சின்கள்தான் என்றும், அவற்றையும் நீங்கள் வெட்டத் தொடங்கிவிட்டீர்கள் என்றும், ஆலையில் தண்டவாளம் மாற்றிவிட்ட பழைய பாயிண்ட்ஸ்மேன் எழுதியிருந்தார். மூடிய ஆலையை ஏலத்தில் எடுத்தது நீங்கள். பழைய இரும்பை வெட்டி விற்பது உங்கள் தொழில். அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆலையை மூடியதை எதிர்த்து வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்த அன்று, லாரியின் முன்சீட்டில் நீங்கள் எங்களைத் தாண்டிப் போனபோதே, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மூன்றாம் நம்பரை மட்டும் வெட்டாதீர்கள். இருபத்தாறு வருஷம் நான் ஓட்டிய வண்டி. காலையில் மூன்று தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பும் என்பதால் இருமல்காரி என்று கூப்பிடுவோம். அதை ஓர் அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

முடியும், முடியாது என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
மூன்றாம் நம்பரின் முன்னாள் ஓட்டுநர்


ஜனவரி 11

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தான்தான் எடைமேடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். "உன் தம்பி எழுத்து மாதிரி இருக்கு. வக்கீல் நோட்டீஸா இருக்கப் போகுது, நின்னுக்கிட்டே படிக்காதே, உக்காரு" என்றார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னது முக்கால்வாசி சரி. மதிப்பிற்குரியவளாம், நீங்களாம்! உனக்கு மூக்குச் சிந்திவிட்ட கையடா இது. கையெழுத்துப் போடும் இடத்தில் "தம்பி" என்று எழுத மை தீர்ந்துவிட்டதா?

அக்கா இருக்கிறாளா போய்விட்டாளா என்று இரண்டு வருஷம் கேட்காதவன், எஞ்சின் என்றதும் பேனாவைத் தேடியிருக்கிறாய். இருக்கட்டும்.

வாசல் விஷயத்தை நீயே எடுத்ததால் நானும் சொல்லிவிடுகிறேன். ஆலையை மூடியது நான் இல்லை. மூடிய ஆலையை வாங்கினேன். நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்கியிருப்பான். வழியில் உட்கார்ந்திருந்த உங்களைப் பார்த்து ஹாரனும் அடித்திருப்பான்.

எஞ்சினுக்கு வருவோம். ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் வெட்டி ஏற்றியாகிவிட்டது. மூன்றாம் நம்பர் கொட்டகையில் தனியாக நிற்கிறது. நீராவி எஞ்சினை வைக்கச் சொன்னால் எனக்கே புரியும். பித்தளை, புகைபோக்கி, ஆள் உயரச் சக்கரம், பார்த்தால் கண் நிறையும். இது என்ன? இரும்புப் பீரோவைப் படுக்கப்போட்டுச் சக்கரம் மாட்டிய மாதிரி இருக்கிறது. என் தொழிலில் நான் கண்டது இதுதான்: இரும்பை உருக்கினால் நாளைக்குப் பாலமாகவோ கட்டிலாகவோ எழுந்து வேலைக்குப் போகும். கயிறு கட்டி "தொடாதீர்கள்" என்று பலகை மாட்டினால் அதோடு சரி.

ஆனாலும் உனக்கு ஒரு வழி விடுகிறேன். மாசக் கடைசி வரை மூன்றாம் நம்பர் பக்கம் கேஸ் கட்டர் போகாது. அதற்குள் ஒரு காரணம் சொல். அழுகை கலக்காத காரணமாக இருக்கட்டும். நான் வியாபாரி. எனக்கே ஒரு சரக்கை விற்றுக் காட்டு, பார்ப்போம்.

அந்தக் காதுக் கருவியை டிராயரிலிருந்து எடு.

அன்புடன்,
உன் அக்கா
(எனக்கு மை நிறைய இருக்கிறது)


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

"நீங்கள்" உனக்குக் குத்துகிறது என்றால் "நீ" என்றே எழுதுகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே.

அழுகை கலக்காத காரணம் கேட்டாய். கல் குவாரியிலிருந்து அரவை மேடைக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம். நாளைக்கு இருபது நடை, போக வர. வருஷத்துக்கு முந்நூறு நாள், இருபத்தாறு வருஷம். மாப்பிள்ளை பெருக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இது நிலாவுக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற வழியில கொஞ்ச தூரமும் வந்திருக்கு" என்றார். அவ்வளவு ஓடிய வண்டி ஒருநாளும் ஆலைச் சுவரைத் தாண்டியதில்லை. பயணிகள் ரயில் என்றால் வழியெல்லாம் குழந்தைகள் கை காட்டும். இதற்கு யாரும் கை காட்டியதில்லை. ஆனால் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, உன் எடைமேடைக்குப் போட்ட தளம் எல்லாவற்றுக்கும் கல்லை இழுத்துக் கொடுத்தது இருமல்காரிதான்.

இங்கே ஒரு ரயில் அருங்காட்சியகம் இருப்பது உனக்குத் தெரியும். போன வாரம் போய் அங்கிருக்கும் காப்பாட்சியரைப் பார்த்தேன். சின்ன வயசுப் பெண், காதில் எப்போதும் ஒரு பென்சில். காதுக் கருவியையும் போட்டுக்கொண்டுதான் போனேன். உனக்காக இல்லை, இருமல்காரிக்காக.

"நீராவி எஞ்சின் மூணு வச்சிருக்கோம் சார். டீசல், அதுவும் ஆலைக்குள்ளயே ஓடினதுன்னா... இந்த மாதிரி நூத்துக்கணக்குல செஞ்சிருப்பாங்களே?"

"செஞ்சாங்கம்மா. இப்ப எத்தனை மிச்சம் இருக்கு, சொல்லுங்க?"

பென்சிலை எடுத்தார், யோசித்தார், மறுபடி காதில் செருகினார். "தெரியலையே."

"எங்க அக்கா மாதிரி ஆளுங்க வெட்டிட்டாங்க" என்றேன். கோபித்துக்கொள்ளாதே, வாயில் வந்துவிட்டது.

அடுத்து அவர் கேட்ட கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். "எல்லா பாகமும் ஒரிஜினல்தானா சார்?" எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. உள்ளே இருக்கும் எஞ்சின் இரண்டு தடவை மாறியது. கேபின், கல் ஏற்றும் பெட்டி ஒன்று மோதியதற்கப்புறம் புதிதாகக் கட்டியது. ஹாரன் ஏதோ ஒரு படகிலிருந்து கழற்றியது. "அப்போ ஒரிஜினலா என்னதான் சார் இருக்கு?" என்றார். "சட்டமும் சக்கரமும் இருக்கு. ஓட்டினவனும் இருக்கேன்" என்றேன். சிரித்தார். ஆனால் சம்மதம் என்று சொல்லவில்லை. செய்த கம்பெனியின் தகட்டில் என்ன நம்பர் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தகடு கேபினுக்கு இடப்பக்கம், படிக்கு மேலே, இருபது பூச்சுப் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும். சுரண்டிப் பார்த்து நம்பரை எழுது.

தம்பி


ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

நம்பர் 4417. தனித் தாளில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், காப்பாட்சியரிடம் கொடு. "அக்கா மாதிரி ஆளுங்க" என்று நீ சொன்னது உண்மை, எனவே கோபம் இல்லை.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படி.

தகட்டைச் சுரண்டியதோடு நான் திரும்பியிருக்கலாம். ஆனால் வண்டியின் எடை எவ்வளவு என்று தெரியாமல் பக்கத்திலிருந்து நகர்ந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கேபின் தரைக்கு அடியில், இரண்டு சட்டங்களுக்கு நடுவில், ஒரு இரும்புப் பெட்டி இருப்பதைப் பார்த்தேன். மேலே மூடி. மூடியைச் சுற்றி வெல்டிங். அதை வெல்டிங் என்று சொல்வதே மரியாதை. கோழி மண்ணைக் கிளறிப் போட்ட மாதிரி, ஓர் இடத்தில் மேடு, ஓர் இடத்தில் ஓட்டை. நம் கட்டர்காரர் பார்த்துவிட்டு, "எந்தக் குருடன்மா இதைப் பத்த வச்சான்?" என்றார். வெட்டித் திறக்கச் சொன்னேன்.

உள்ளே முழுக்க வார்ப்பிரும்பு. தையல் மெஷின் கால்கள், இஸ்திரிப் பெட்டிகள், அடுப்புக் கதவுகள், மாவு மில்லின் உடைந்த பல்சக்கரம். ஒவ்வொன்றிலும் ஓர் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு நீலப் பெயின்ட்.

தம்பி, அந்த நீலம் என்னுடையது. முப்பது வருஷத்துக்கு முன்னால், தள்ளுவண்டியோடு தெருத் தெருவாக நான் பழைய இரும்பு எடுத்த காலத்தில், குவியலிலிருந்து யாராவது திருடினால் தெரிவதற்காக எல்லாவற்றுக்கும் நீலம் வைப்பேன். உன் ஆலையின் ஸ்டோர்காரர், "வார்ப்பிரும்பு ரெண்டு டன் வேணும், எதுவா இருந்தாலும் சரி. ஆனா பொம்பளையால முடியாது, வேற யாரையாவது பாத்துக்கறேன்" என்றார். "பதினஞ்சு நாள்ல உங்க வாசல்ல கொட்டறேன்" என்று சவால் விட்டுவிட்டு வந்தேன். என் வாழ்க்கையின் முதல் பெரிய வியாபாரம். அந்த இரும்பெல்லாம் ஆலைப் பட்டறையின் உலையில் உருகி எங்கேயோ போயிற்று என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பார்த்தால் உன் வண்டியின் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்று கட்டர்காரர் விளக்கினார். வண்டி எடை போதாமல் ஏற்றத்தில் வழுக்கினால் இப்படி உள்ளே இரும்பு போட்டு அழுத்துவார்களாம்.

ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எந்தத் தெரு, எந்த வீடு, யார் கொடுத்தது, எல்லாம் ஞாபகம் வந்தது. ஓர் எடைக்கல்லும் இருந்தது. அடியில் குடைந்து ஓட்டையாக்கி மெழுகு வைத்து மூடியது. எந்தக் கடைக்காரனோ, பெரிய கில்லாடி.

அவனைச் சொல்கிறேனே, என்னைச் சொல்ல வேண்டாமா? அடியில் ஆறு மழைத்தண்ணீர்க் குழாய்கள் கிடந்தன. அவற்றிலும் நீலம். பதினைந்தாம் நாள் காலையில் என் குவியல் ரெண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைந்தது. அந்த ஸ்டோர்காரர் முகத்தில் இளிப்பைப் பார்க்க முடியாது என்று, குழாய்களில் மணலை அடைத்து, இரண்டு பக்கமும் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டேன். ஏமாற்றுதான். அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன். உருக்கும்போது தெரிந்துவிடுமே என்று ஆறு மாசம் ஆலைத் தெருப் பக்கமே போகவில்லை. இப்போது பார்த்தால், அவர்களுக்கு வேண்டியிருந்தது எடை. நான் கொடுத்ததும் எடை. மணலால் குறைந்தது ஒன்றுமில்லை!

கட்டர்காரர் எதிரிலேயே வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அந்தப் பல்சக்கரத்தின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நம்பரை வெட்டவில்லை. உன் காரணங்களும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் என்னிடம் விற்றது இதுதான்.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேலி செய்த அந்த வெல்டிங் என்னுடையது.

அப்போது நான் கல் வண்டிப் பெட்டிகளை எஞ்சினோடு கோக்கிற கொக்கிக்காரன். ஃபோர்மேன் உன் இரும்பை உள்ளே அடுக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு குழாய் கை நழுவித் தண்டவாளத்தில் விழுந்தது. முனையில் இருந்த சிமென்ட் உடைந்து, என் பூட்ஸ் மேல் மணல் கொட்டியது. குழாயைத் திருப்பினேன். நீலம். வீட்டுக் கொல்லையில் நீ அந்த நீலத்தை வைக்கும்போது பக்கத்தில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தானே.

மூடியைப் போல்ட் போட்டு மாட்ட வேண்டும், வருஷா வருஷம் திறந்து பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. வெல்டரும் டீ குடிக்கப் போயிருந்தார். அவருடைய கைப்பிடியை எடுத்து, அதற்குமுன் ஒருநாளும் வெல்டிங் செய்யாத நான், சுற்றிப் பற்றவைத்துவிட்டேன். ஃபோர்மேன் வந்து பார்த்தார்.

"யாரு இதைப் பத்த வைக்கச் சொன்னது? போல்ட்தானே போடச் சொன்னேன்?"

"போல்ட்டு அதிர்ச்சியில கழண்டுடும் சார்."

"ஓ, இஞ்சினியர் சாருக்கு ரொம்பத் தெரியுமோ?"

அந்த வருஷம் ஓட்டுநர் பரீட்சைக்கு என்னை அனுப்பவில்லை. அடுத்த வருஷம்தான் அனுப்பினார். இதை உன்னிடம் சொல்லிக்காட்ட ஒருநாளும் நினைத்ததில்லை. மழையில் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும்போது, தண்டவாளத்தில் மணல் தூவித்தான் ஏற்றுவோம். ஒவ்வொரு தடவையும், "வெளியே நம்ம மணல், உள்ளே அக்கா மணல்" என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர் என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ எஞ்சின்களை வெட்டுகிறாய் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்த பயம் அந்தப் பெட்டி. உன் யார்டிலேயே, உன் ஆட்கள் எதிரிலேயே திறந்து, அவர்கள் சிரிப்பார்களே என்று. அருங்காட்சியகம் என்பது அதற்கப்புறம் வந்த யோசனை. வந்தபிறகு அது தனியாக வளர்ந்துவிட்டது. இப்போது இருமல்காரிக்காகவேதான் கேட்கிறேன்.

நம்பரைக் காப்பாட்சியரிடம் கொடுத்தேன். புத்தகத்தில் தேடிப் பார்த்தார். அந்த வகையில் செய்த அறுபத்திரண்டில் இப்போது தெரிந்தவரை இதைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லையாம். எடுத்துக்கொள்கிறோம் என்றார்! ஒரு நிபந்தனை. கூடத்தின் தரை அவ்வளவு பாரம் தாங்காது. உள்ளே இருக்கும் இரும்பை எடுத்துவிட்டு, கம்பெனியின் பழைய நிறத்தையே அடித்துக் கொடுக்க வேண்டும். நல்லதாகப் போயிற்று. அந்த இரும்பை நீ உருக்கிவிடு, மணலை எங்கேயாவது கொட்டிவிடு. இத்தோடு முடிந்தது.

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

ஓட்டுநர் பரீட்சை உனக்கு ஒரு வருஷம் தள்ளிப்போனதை எழுதியிருந்தாய். அந்த வரியை நான்கு தடவை படித்தேன். அத்தானிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க குடும்பத்துல யாருக்குமே வாயைத் திறந்து பேசத் தெரியாதா?" என்றார்.

மறுநாள் பஸ் ஏறி உன் ஊருக்கு வந்தேன். நேராக அருங்காட்சியகத்துக்குப் போனேன். காப்பாட்சியர் எனக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், வியாபாரம் தொடங்கியது.

"உள்ள இருக்கற இரும்பும் வரும்மா. தரை தாங்காதுன்னா வண்டிக்குப் பக்கத்துல பரப்பி வைங்க. தைக்கிற மெஷின் கால், இஸ்திரிப் பெட்டி, குடைஞ்ச எடைக்கல்லு, மணல் அடைச்ச குழாயி, எல்லாம். ஒரு குழாயை நீளவாக்குல வெட்டித் தர்றேன், மணல் வெளிய தெரியட்டும்."

"அம்மா, அது வண்டியோட ஒரிஜினல் பாகம் இல்லையே..."

"ஏம்மா, அங்க பளபளன்னு ஒரு சொகுசுப் பெட்டி நிக்குதே, யாரோ பெரிய மனுஷர் போனதுன்னு. அவர் எத்தனை தடவை ஏறினார்?"

காகிதத்தைப் புரட்டினார். "ரெண்டு தடவை."

"எங்க வண்டி நாளைக்கு இருபது தடவை ஏத்தம் ஏறுச்சு. கம்பெனி செஞ்ச மாதிரியே இருந்திருந்தா மழைக்காலத்துல ஒரு தடவைகூட ஏறியிருக்காது. எங்க வீட்டுப் பழைய இரும்புதான் ஏத்துச்சு. வேலை செய்யற வண்டிக்கு ஒட்டுப் போட்டதுதாம்மா ஒரிஜினல்."

பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது. எழுத ஆரம்பித்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார், "நீங்க பழைய இரும்பு வெட்டறவங்க. இதை மட்டும் ஏன் வைக்கணும்னு சொல்றீங்க?"

"எல்லாத்தையும் வைக்கச் சொல்லலையே. நூறு வந்தா தொண்ணூத்தொம்பதை நான் வெட்டுவேன், அதுதான் எனக்குச் சோறு. ஒண்ணு நிக்கணும். இல்லேன்னா நான் வெட்டினது என்னன்னு யாருக்குத் தெரியும்?"

ஒப்புக்கொண்டுவிட்டார். பக்கத்தில் மாட்டும் அட்டையில் என்ன எழுதுவது என்றும் பேசி முடித்தோம். "மணல் விஷயத்தை எழுதினா உங்க பேர் கெடாதா?" என்றார். "நான் சம்பாதிச்ச பேரு. செலவு பண்றதும் நானே" என்றேன். அட்டையில் நீ பற்றவைத்ததும் வரும்.

திரும்பும்போது உன் வீட்டுத் தெருமுனை வரை வந்தேன். பச்சைக் கேட்டு, மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கூப்பிடாத வீட்டுக்குள் எப்படி வருவது என்று பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

உன்னை யார் இதைச் செய்யச் சொன்னது? முப்பது வருஷம் ஒருவருக்கும் தெரியாமல் மூடி வைத்ததை நீ கூடத்தில் விளக்குப் போட்டுக் காட்டப் போகிறாயா? உனக்குச் சிரிப்பாக இருக்கிறது. என் மகளும் மாப்பிள்ளையும் வசிக்கிற ஊர் இது. ஏமாற்றுக்காரக் குடும்பம் என்று நாலு பேர் சொன்னால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்? அது உன் மணல் மட்டும் இல்லை, என் வெல்டிங்கும்தான். என்னைக் கேட்டாயா? வாசலிலும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

அந்த அட்டை அங்கே இருக்கும்வரை நான் இருமல்காரியைப் பார்க்க வரமாட்டேன்.


மார்ச் 10

தம்பிக்கு,

கையெழுத்தே இல்லாமல் வந்தாலும் உன் கடிதம் எனக்குத் தெரியும்.

நீ சொன்னது சரி. கேட்கவில்லை. எனக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. தள்ளுவண்டிக் காலத்திலிருந்து ஒருவரையும் கேட்காமலே நடந்து வந்தவள், அதனாலேயே வளர்ந்தேன் என்று ஒரு பெருமை. உன் கடிதத்துக்குப் பிறகு அந்தப் பெருமையில் கொஞ்சம் கழித்துக்கொண்டேன்.

போன வாரம் இருமல்காரி ஆலையை விட்டுக் கிளம்பியது. நீல நிறம்தான் கம்பெனியின் பழைய நிறமாம், சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபத்து நாலு சக்கர டிரெய்லரில் ஏற்றினோம். எனக்கு முன்சீட்டில் இடம் போட்டு வைத்திருந்தார்கள். வாசல் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். டிரைவர், "என்னம்மா, டயர்ல ஏதாவது?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி இறங்கினேன். நீங்களெல்லாம் உட்கார்ந்திருந்த இடம் அப்படியே இருக்கிறது, புல் முளைத்திருக்கிறது. வாசலைத் தாண்டி மெயின் ரோடு வரை வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தேன். முழங்கால் வலி தெரியுமல்லவா, மெதுவாகத்தான். டிரெய்லரும் எனக்காக மெதுவாக வந்தது. பின்னால் நின்ற லாரிக்காரர்கள் கத்தினார்கள். கத்தட்டும். பாயிண்ட்ஸ்மேன் எங்கிருந்தோ வந்து நின்று கை காட்டினார். வண்டிக்கு ஒருவராவது கை காட்டினார் என்று உனக்குச் சொல்லச் சொன்னார்.

அன்றைக்கே இறங்கியிருக்க வேண்டும், தம்பி. இறங்கவில்லை.

அட்டை எழுதி மாட்டியாகிவிட்டது. ஆனால் காப்பாட்சியரிடம் சொல்லி அதன் மேல் ஒரு துணியைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். மூடியது நீ. திறப்பதா, துணியோடு கழற்றிப் போடுவதா என்று நீயே சொல். நீ சொல்லும்வரை துணி அப்படியே இருக்கும். கழற்றச் சொன்னாலும் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கும். காட்டிக்கொள்ள மாட்டேன்.

அக்கா


மார்ச் 24

என் அருமை அக்காவுக்கு,

நேற்று போனேன். யாரிடமும் சொல்லாமல், எல்லோரையும் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு. காதுக் கருவியும் போட்டிருந்தேன். துணியோடு அட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு வருவதாகத்தான் நினைப்பு.

இருமல்காரியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அதை முழுசாக நான் பார்த்ததே இல்லை, அக்கா. கொட்டகையில் எப்போதும் பாதிதான் தெரியும், மீதி நேரம் நான் உள்ளே இருப்பேன். சொகுசுப் பெட்டிக்குப் பக்கத்தில் தடித்த கழுத்தோடு நிற்கிறது. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூடத்தில் வேலை செய்த களை அதன் முகத்தில்தான் இருக்கிறது. கீழே தரையில் உன் இரும்பு. மூடியை அப்படியே, என் கோணல் வெல்டிங்கோடு, தனியாக ஒரு மேஜையில் வைத்திருக்கிறார்கள்.

அட்டையின் முன்னால் நின்று காப்பாட்சியரைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தரையைப் பார்த்த அவர், "என்ன இது, வண்டிக்குப் பக்கத்துல குப்பையைக் கொட்டி வச்சிருக்காங்க?" என்றார்.

குப்பை!

என் கை எப்படிப் போயிற்று என்று தெரியாது. துணியைப் பிடித்து இழுத்துவிட்டேன். "படிச்சுட்டுப் பேசுங்க" என்றேன். காவலாளி, "பெரியவரே, தொடக்கூடாது!" என்று ஓடிவந்தார். அந்த அம்மா சத்தமாகப் படித்தாள். நானும் அப்போதுதான் முதல் தடவையாக முழுதும் கேட்டேன்:

"ஏற்றத்தில் வழுக்காமல் இருக்க இந்த எஞ்சினுக்குள் வைத்த எடை. தள்ளுவண்டியில் தெருத் தெருவாக ஒரு பெண் சேர்த்தது. ஆறு குழாய்களில் அவள் அடைத்தது மணல். அது வெளியே தெரியாமல் மூடியைப் பற்றவைத்தவர் அவளுடைய தம்பி. அவர்தான் பின்னாளில் இருபத்தாறு வருஷம் இதை ஓட்டினார். எஞ்சின் ஒருநாளும் பின்னோக்கி உருளவில்லை."

படித்து முடித்ததும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். குனிந்து வெட்டிய குழாயில் இருந்த மணலைப் பார்த்தாள், அப்புறம் என் வெல்டிங்கைப் பார்த்தாள், மறுபடி சிரித்தாள். புருஷனைத் தட்டி, "ஏங்க, எப்பேர்ப்பட்ட கில்லாடிக் குடும்பம் பாருங்க!" என்றாள்.

காதுக் கருவியில் இத்தனை மாசத்தில் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்ட வாக்கியம் வேறில்லை.

"எங்க குடும்பம்தாங்க" என்றேன். "மணல் எங்க அக்கா. வெல்டிங் நான்."

இரண்டு பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். அப்புறம் அந்த மனுஷர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காவலாளியும் குலுக்கினார். ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன், அக்கா. வருகிற போகிறவர்களுக்கெல்லாம் தையல் மெஷின் கால், குடைந்த எடைக்கல் என்று காட்டி விளக்கம் சொன்னேன். குழாயைப் பற்றிச் சொல்லும்போது குரல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று காப்பாட்சியர் வந்து சொன்னார். துணியை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். மகள் அதை அடுப்படியில் கரித்துணியாக வைத்திருக்கிறாள்.

வாசலில் நீ நடந்ததைப் பற்றி ஒன்றும் எழுதத் தெரியவில்லை. உன் முழங்காலுக்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானோடு புறப்பட்டு வா. தெருமுனையில் நிற்காதே. பச்சைக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தள்ளினால் திறக்கும்.

வெல்டிங் கோணல்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் கட்டர்காரர் கேஸ் வைத்து வெட்டும்வரை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் அவரிடம் சொல்.

என்றும்,
உன் தம்பி
(மை இருக்கிறது)